ஸ்க்ரமா கன்பானா என்று கேட்பதற்கு முன்: வலை மேம்பாட்டுக் குழு தன் நிரலாக்க முறையைத் தேர்வு செய்யும் வரிசை

வலைச் செயலிகளை உருவாக்கும் குழு ஒன்று புதிதாக அமையும்போதோ, ஏற்கெனவே இருக்கும் குழு வளர்ந்து வேலை சிக்கலாகத் தொடங்கும்போதோ, இனி எந்த முறையில் வேலை செய்வது என்ற கேள்வி எழுகிறது. விடை தேடுவோர் முன் ஸ்க்ரம், கன்பான், எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங், டிடிடி, கிட் ஃப்ளோ, டெவ்ஆப்ஸ் என்று பெயர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தீவிர ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொன்றும் மற்றதற்கு மாற்று என்பது போலவே பேசப்படுகிறது. குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது: இந்தப் பெயர்களில் பல ஒன்றோடொன்று போட்டியிடுபவையே அல்ல, வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

அந்தக் கேள்விகளைத் தனித்தனியே பிரித்து, வலை மேம்பாட்டில் அவற்றை எந்த வரிசையில் தீர்ப்பது பொருத்தம் என்று இக்கட்டுரை விளக்குகிறது. கூட்டங்களின் அட்டவணையை முதலில் முடிவு செய்துவிட்டு, பலர் எழுதும் நிரல் எப்படி ஒன்றுசேர்ந்து பயனரைச் சென்றடையும் என்பதைக் கடைசியில் யோசிப்பது பரவலான வழக்கம். வலையைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழானது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

## மூன்று தனித்தனிக் கேள்விகள்

ஒரு குழுவின் நிரலாக்க முறை என்பது குறைந்தது மூன்று அடுக்குகளில் எடுக்கப்படும் முடிவுகளின் தொகுப்பு.

1. திட்டமிடும் அடுக்கு. எந்த வேலையை எப்போது எடுப்பது, முன்னுரிமையை யார் முடிவு செய்வது, எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்ப்பது என்பவை இதில் அடங்கும். ஸ்க்ரம், கன்பான், வாட்டர்ஃபால் ஆகியவை முதன்மையாக இந்த அடுக்கைச் சேர்ந்தவை.

2. ஒன்றுசேர்த்து வெளியிடும் அடுக்கு. ஒவ்வொருவரும் தனியே எழுதும் நிரல் எப்போது ஒரே தொகுப்பாகிறது, எத்தனை பிராஞ்ச்கள் (முதன்மைத் தொகுப்பிலிருந்து பிரிந்து தனியே வளரும் நிரல் கிளைகள்) எவ்வளவு காலம் உயிரோடு இருக்கலாம், தொகுப்பு எப்போது சர்வருக்குச் செல்கிறது என்பவை இதில் வரும். கிட் ஃப்ளோ, கிட்ஹப் ஃப்ளோ, டிரங்க் அடிப்படையிலான மேம்பாடு ஆகியவை இங்கே சேரும்.

3. சரிபார்க்கும் அடுக்கு. எழுதியது சரியாக இயங்குகிறது என்பதை யார், எப்போது, எதைக் கொண்டு உறுதி செய்வது என்ற கேள்வி இது. சோதனையை முதலில் எழுதிப் பிறகு நிரலை எழுதும் டிடிடி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் சரிபார்க்கும் கோட் ரிவ்யூ, இருவர் ஒரே திரையில் அமர்ந்து எழுதும் பேர் புரோகிராமிங் ஆகியவை இதற்கான விடைகள்.

இந்தப் பிரிவினைக்குள் அடங்காதவையும் உண்டு. எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் மூன்று அடுக்குகளையும் தொடுகிறது. டெவ்ஆப்ஸ் என்பது எழுதுபவருக்கும் இயக்குபவருக்கும் இடையிலிருந்த சுவரைப் பற்றிய அக்கறை என்பதால், அதை ஒரு தனி முறையாகத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே பொருந்தாது.

அடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பதன் பயன் உடனே தெரியும். 2020-இல் வெளியான ஸ்க்ரம் கையேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாலும் பிராஞ்ச் பற்றியோ தானியங்கிச் சோதனை பற்றியோ எந்த வழிகாட்டுதலும் கிடைக்காது. அது குறை அன்று. கையேடு அதற்காக எழுதப்படவில்லை. ஆனால் "நாங்கள் ஸ்க்ரம் பின்பற்றுகிறோம்" என்று ஒரு குழு சொல்லும்போது, அதன் நிரல் எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பற்றி அது இன்னும் எதையும் சொல்லவில்லை என்பதை உணர வேண்டும்.

## பெயர்கள் பிறந்த சூழல்

ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு நெருக்கடிக்கு விடையாகவே உருவானது. வாட்டர்ஃபாலின் மூலமாகக் காட்டப்படுவது வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய கட்டுரை. தேவைகள், வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை என்று படிப்படியாக இறங்கும் படம் அதில் இருப்பது உண்மை. ஆனால் அந்த வடிவிலேயே செயல்படுத்துவது ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்று அவரே அதே கட்டுரையில் எச்சரித்தார். சோதனை கடைசியில் வருவதால், அடிப்படைத் தவறு தெரியவரும்போது வடிவமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். எச்சரிக்கையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் பலர்.

ஸ்க்ரமின் வேர் ஹிரோடகா தாகெயுச்சி, இகுஜிரோ நோனாகா ஆகிய இருவரும் 1986-இல் தொழிற்சாலைப் பொருள்களின் உருவாக்கம் பற்றி எழுதிய கட்டுரையில் இருக்கிறது. கென் ஷ்வாபரும் ஜெஃப் சதர்லேண்டும் 1995-இல் அதை மென்பொருளுக்கான முறையாக முன்வைத்தார்கள். அதே பத்தாண்டின் பிற்பாதியில், கிரைஸ்லர் நிறுவனத்தின் ஊதியக் கணக்கு மென்பொருள் திட்டத்தில் கென்ட் பெக் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கை உருவாக்கினார். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் 17 பேர் கூடி, நான்கு மதிப்பீடுகளும் பன்னிரண்டு கோட்பாடுகளும் கொண்ட, மாற்றத்துக்கு நெகிழ்ந்து கொடுக்கும் மென்பொருள் உருவாக்கத்துக்கான அஜைல் அறிக்கையை வெளியிட்டார்கள். கன்பான் டொயோட்டாவின் உற்பத்தி முறையிலிருந்து வந்தது. 2000-களில் டேவிட் ஆண்டர்சன் அதை மென்பொருள் வேலைக்கு ஏற்றபடி மாற்றியமைத்தார்.

இவற்றில் பெரும்பாலானவை உருவான காலத்தில் மாதம் ஒருமுறை வெளியிடுவதே வேகம் எனக் கருதப்பட்டது. 2009-இல் ஃபிளிக்கர் தளத்தைச் சேர்ந்த ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும் ஒரு மாநாட்டில் ஒரே நாளில் பத்துக்கும் மேற்பட்ட முறை வெளியிடுவதைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பேச்சு டெவ்ஆப்ஸ் இயக்கத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக இன்றும் குறிப்பிடப்படுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் மாறியது கூட்டம் நடத்தும் விதம் அன்று, வெளியீட்டின் செலவு.

## வலை மென்பொருளில் எது வேறுபடுகிறது

வட்டில் பதிந்து விற்கப்படும் மென்பொருளிலோ, கருவிக்குள் பதித்து அனுப்பப்படும் மென்பொருளிலோ, ஒருமுறை வெளியிட்ட பிறகு திரும்பப் பெறுவது கடினம். எனவே வெளியீட்டுக்கு முன் நீண்ட சரிபார்ப்பு நியாயமானது. ஒரே நேரத்தில் பல பதிப்புகள் பயன்பாட்டில் இருக்கும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனி பிராஞ்ச் வைத்துத் திருத்தங்கள் செய்வதும் அவசியமாகிறது.

வலைச் செயலியின் நிலை வேறு. சர்வரில் இருக்கும் பதிப்புதான் எல்லாப் பயனர்களுக்குமான பதிப்பு. புதியதில் தவறு இருந்தால், சில நிமிடங்களில் பழையதைத் திரும்ப ஏற்ற முடியும். தவறைச் சரிசெய்யும் செலவு இவ்வளவு குறையும்போது, தவறே நேராமல் தடுப்பதற்கு வாரக்கணக்கில் செலவிடுவதைக் காட்டிலும், சிறிய மாற்றங்களை அடிக்கடி அனுப்பி, தவறை விரைவில் கண்டுபிடிப்பது லாபகரமாகிறது. ஐம்பது வரிகளை மாற்றிய வெளியீட்டில் கோளாறு வந்தால் எங்கே தேடுவது என்று தெரியும்; ஐயாயிரம் வரிகளை மாற்றிய வெளியீட்டில் தேடுவதே பெரிய வேலை.

ஆயினும் வலையில் எதையும் எளிதாகத் திருப்பிவிடலாம் என்று நினைப்பது தவறு. இரண்டு விதிவிலக்குகள் உள்ளன.

1. தரவு. நிரலைப் பின்வாங்கலாம், அந்த நிரல் இதற்கிடையில் டேட்டாபேஸில் எழுதியதையோ அழித்ததையோ அதே எளிமையுடன் பின்வாங்க முடியாது. அனுப்பிவிட்ட மின்னஞ்சலும் எடுத்துவிட்ட கட்டணமும் இதே வகை.

2. பிரவுசரில் தங்கிவிட்ட பழைய நிரல். காலையில் திறந்த பக்கத்தை மாலை வரை மூடாமல் வைத்திருக்கும் பயனரிடம் பழைய ஜாவாஸ்கிரிப்ட்தான் ஓடிக்கொண்டிருக்கும்; அது புதிய சர்வரிடம் பழைய வடிவில் கோரிக்கை அனுப்பும். பல சர்வர்களில் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கும்போது, சர்வர்களுக்குள்ளேயே இரண்டு பதிப்புகள் சிறிது நேரம் சேர்ந்து இயங்கும்.

அடுத்து வரும் முடிவுகள் அனைத்தும் இந்த இரண்டு பக்கங்களையும், அதாவது வெளியீடு மலிவானது என்பதையும் தரவு மலிவானதன்று என்பதையும், சேர்த்தே எடுக்கப்பட வேண்டியவை.

## முதல் முடிவு: நிரல் எப்போது ஒன்றுசேர வேண்டும்

பிராஞ்ச் என்பது மற்றவர்களின் மாற்றங்களிலிருந்து ஒருவரைத் தற்காலிகமாகப் பிரித்துவைக்கும் ஏற்பாடு. பிரிந்திருக்கும் காலம் கூடக் கூட, திரும்பிச் சேரும்போது எழும் சிக்கலும் கூடுகிறது. இருவர் ஒரே வரியை மாற்றியிருந்தால், நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து நிர்வகிக்கும் கருவியான கிட் அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். அது சிறிய தொல்லைதான். பெரிய தொல்லை, கருவியின் கண்ணில் படாத முரண்பாடு. ஒருவர் தன் பிராஞ்சில் ஒரு செயற்கூறின் (பெயர் சொல்லி அழைத்து இயக்கப்படும் நிரல் துண்டின்) பெயரை மாற்றி, அது அழைக்கப்படும் எல்லா இடங்களிலும் திருத்திவிடுகிறார். இன்னொருவர் தன் பிராஞ்சில், வேறொரு கோப்பில், அதே செயற்கூறைப் பழைய பெயரில் புதிதாக ஓரிடத்தில் அழைக்கிறார். இரண்டு பிராஞ்ச்களிலும் எல்லாச் சோதனைகளும் தேறுகின்றன. இரண்டையும் ஒன்றுசேர்க்கும்போது, அதாவது மெர்ஜ் செய்யும்போது, எந்த எச்சரிக்கையும் வராது. ஒன்றுசேர்ந்த தொகுப்பு மட்டும் உடைந்திருக்கும். பெயர் மாற்றத்தையாவது சோதனையோ கம்பைலரோ பிடித்துவிடும். ஒரே செயற்கூறின் அர்த்தத்தை இருவர் இருவேறு விதமாகப் புரிந்துகொண்டு எழுதியிருந்தால் அதைப் பிடிக்கக் கருவி இல்லை.

இந்தச் சிக்கலை வெவ்வேறு விதமாகக் கையாளும் மூன்று முறைகள் பரவலாக உள்ளன.

1. கிட் ஃப்ளோ. வின்சென்ட் டிரீசன் 2010 ஜனவரியில் முன்வைத்த அமைப்பு இது. மாஸ்டர், டெவலப் என்ற இரண்டு நிலையான பிராஞ்ச்களும், அம்சம், வெளியீடு, அவசரத் திருத்தம் ஆகியவற்றுக்கான தற்காலிக பிராஞ்ச்களும் இதில் உண்டு. பல பதிப்புகளைப் பராமரிக்க வேண்டிய மென்பொருளுக்கு இது இன்றும் பொருத்தமானது. 2020 மார்ச்சில் டிரீசனே தன் பழைய கட்டுரையின் தலையில் ஒரு குறிப்பைச் சேர்த்தார்: தொடர்ச்சியாக வெளியிடப்படும் வலைச் செயலியை உருவாக்கும் குழு இதைவிட எளிய முறையை நாடலாம் என்று. பத்தாண்டு காலம் இதை வேதவாக்காகப் பின்பற்றிய வலைக் குழுக்கள் கவனிக்க வேண்டிய குறிப்பு அது.

2. கிட்ஹப் ஃப்ளோ. மெயின் பிராஞ்ச் எப்போதும் வெளியிடத்தக்க நிலையில் இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குறுகிய பிராஞ்ச், அதை மெயினில் சேர்க்கக் கோரும் ஒரு புல் ரிக்வெஸ்ட், ரிவ்யூ, மெர்ஜ், வெளியீடு. விதிகள் ஒரு பக்கத்தில் அடங்கும்.

3. டிரங்க் அடிப்படையிலான மேம்பாடு. எல்லோரும் நாளுக்கு ஒருமுறையாவது மெயின் பிராஞ்சில் தங்கள் மாற்றங்களைச் சேர்க்கிறார்கள். பிராஞ்ச் இருந்தாலும் அதன் ஆயுள் சில மணி நேரம். ஓர் அம்சம் முழுமையடைய மூன்று வாரம் ஆகும் என்றால், முடியாத நிலையிலேயே அது மெயினுக்குள் வந்துகொண்டிருக்கும். பயனருக்கு மட்டும் தெரியாது.

இரண்டாவதும் மூன்றாவதும் தோற்றத்தில்தான் வேறு. கிட்ஹப் ஃப்ளோவில் பிராஞ்ச்களின் ஆயுளை ஒரு நாளுக்குள் அடக்கினால், அது நடைமுறையில் டிரங்க் முறையாகவே ஆகிவிடுகிறது. எனவே ஒரு வலைக் குழு தேர்வு செய்ய வேண்டியது பெயரை அன்று, பிராஞ்சின் அதிகபட்ச ஆயுளை. முறையைப் பற்றிய எந்த விவாதத்திலும் இந்த ஒரு எண்ணை முதலில் எழுதிவைப்பது நல்லது. மற்ற முடிவுகள் பலவற்றை அது தானாகவே நெருக்கிக் கொண்டுவரும்.

குறுகிய ஆயுளுக்கு விலை உண்டு. முடியாத வேலையை மெயினுக்குள் வைத்திருக்க இரண்டு திறன்கள் தேவை.

முதலாவது ஃபீச்சர் ஃபிளாக். புதிய நிரல் சர்வருக்குச் சென்றுவிடும், ஆனால் ஒரு சுவிட்சை இயக்கினால்தான் அது செயல்படும். இதனால் நிரலைச் சர்வருக்கு அனுப்புவதும் பயனருக்குக் காட்டுவதும் தனித்தனி நிகழ்வுகளாகின்றன. வேலை முடிந்த பிறகு ஃபிளாக்கை நீக்குவதும் முறையின் பகுதியாக இருக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம், நெடுங்காலம் பயன்படாமல் கிடந்த ஒரு ஃபிளாக்கைப் புதிய வேலைக்கு மறுபடியும் பயன்படுத்தியது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்படவில்லை. அங்கே அந்த ஃபிளாக் பழைய நிரலை உயிர்ப்பித்தது. சுமார் 45 நிமிடங்களில் ஏற்பட்ட இழப்பு 40 கோடி டாலருக்கும் மேல். அது வலைச் செயலி அன்று என்றாலும், பயன்படாத ஃபிளாக்கும் இறந்த நிரலும் கையால் செய்யும் வெளியீடும் ஓரிடத்தில் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு இல்லை.

இரண்டாவது, டேட்டாபேஸ் அமைப்பைப் படிப்படியாக மாற்றும் பழக்கம். டேட்டாபேஸ் அட்டவணையில் உள்ள ஒரு நெடுவரிசையின் பெயரை ஒரே அடியில் மாற்றினால், அந்த நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பதிப்பு உடையும். அதற்கு மாறாக வேலையை இப்படிப் பிரிக்க வேண்டும்:

1. பழையதைத் தொடாமல் புதிய நெடுவரிசையைச் சேர்ப்பது.
2. இனி எழுதப்படும் தரவை இரண்டிலும் எழுதும்படி நிரலை மாற்றி வெளியிடுவது.
3. ஏற்கெனவே உள்ள தரவைப் புதியதற்கு நகலெடுப்பது.
4. படிப்பதைப் புதியதிலிருந்து மட்டும் என்று மாற்றி வெளியிடுவது.
5. பழையதில் எழுதுவதை நிறுத்தி வெளியிடுவது.
6. சில நாள் பொறுத்து, பழைய நெடுவரிசையை நீக்குவது.

ஒரே மாற்றத்துக்கு இத்தனை படிகளா என்று தோன்றலாம். கடைசிப் படி வரும்வரை எந்த இடத்தில் சிக்கல் வந்தாலும் ஒரு படி பின்வாங்க முடியும் என்பதே இதன் பயன். எந்தக் கணத்திலும் அடுத்தடுத்த இரண்டு பதிப்புகள் ஒரே டேட்டாபேஸுடன் சேர்ந்து இயங்க முடிய வேண்டும் என்ற விதியிலிருந்து இந்தப் படிகள் பிறக்கின்றன. பிரவுசரில் தங்கிய பழைய ஜாவாஸ்கிரிப்டுக்காக, பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் இடைமுகமான ஏபிஐயின் மாற்றங்களையும் இதே விதிப்படிதான் செய்ய வேண்டும். இந்தத் திறன் இல்லாத குழு எத்தனை கூட்டம் நடத்தினாலும் அதன் வெளியீடுகள் அச்சத்துடனேயே நடக்கும்.

## இரண்டாம் முடிவு: சரி என்று எதை வைத்துச் சொல்வது

பிராஞ்சின் ஆயுள் முடிவானதும் சோதனை அடுக்குக்கான தேவை தானே வெளிப்படுகிறது. ஒரு நாளைக்குப் பலமுறை மெர்ஜ் நடக்க வேண்டும் என்றால், தானியங்கிச் சோதனைகள் ஒரு மணி நேரம் ஓடக்கூடாது. பத்து நிமிடத்துக்குள் முடிவது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் அளவுகோல். அதனால் சிறிய அலகுகளைச் சோதிக்கும் வேகமான சோதனைகள் அதிகமாகவும், உண்மையான பிரவுசரைத் திறந்து பயனரைப் போல நடந்துகொள்ளும் மெதுவான சோதனைகள் குறைவாகவும் இருப்பது நல்லது. பிரவுசர் சோதனைகளை உள்நுழைதல், கட்டணம் செலுத்துதல் போன்ற உயிர்நாடிப் பாதைகளுக்கு ஒதுக்கலாம். காரணமே இல்லாமல் சில வேளை தேறியும் சில வேளை தோற்றும் வரும் சோதனையை உடனே சரிசெய்ய வேண்டும், இல்லையேல் நீக்கிவிட வேண்டும். சிவப்பு விளக்கைப் பொருட்படுத்தாமல் மெர்ஜ் செய்யும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால், மற்றச் சோதனைகளும் மதிப்பிழக்கும்.

டிடிடி இதில் ஒரு வழி மட்டுமே. விலைக் கணக்கீடு, அனுமதி விதிகள், தேதிக் கணக்கு போன்ற தெளிவான விதிகள் உள்ள பகுதிகளில் அது மிகச் சிறப்பாகப் பயன்படுகிறது. திரையின் தோற்றத்தைத் தேடிக் கண்டடையும் வேலையில், எது சரி என்று முன்கூட்டியே தெரியாததால், சோதனையை முதலில் எழுதுவது வீண் சிரமமாகிவிடுகிறது. குழு முழுவதற்கும் டிடிடி கட்டாயம் என்றோ தேவையே இல்லை என்றோ விதிப்பதைக் காட்டிலும், எந்தப் பகுதிக்கு எது என்று வகுப்பது நேர்மையானது.

ரிவ்யூவில் கவனிக்க வேண்டியது காத்திருக்கும் நேரம். இரண்டு மணி நேரத்தில் எழுதிய மாற்றம் இரண்டு நாள் ரிவ்யூவுக்காகக் காத்துக்கிடந்தால், பிராஞ்சின் ஆயுளுக்கு வைத்த வரம்பு காகிதத்தோடு நின்றுவிடும். இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு: மாற்றங்களைச் சிறிதாக்கி, ரிவ்யூவைப் புதிய வேலைக்கு முன்னுரிமை தந்து முடிப்பது, அல்லது பேர் புரோகிராமிங் வழியாக எழுதும்போதே ரிவ்யூவை நடத்திவிடுவது. இரண்டாவது எல்லோருக்கும் ஒத்துவராது; நாள் முழுவதும் இருவராக அமர்வது களைப்பூட்டும் வேலை. சிக்கலான பகுதிக்கும் புதிதாகச் சேர்ந்தவருக்கும் மட்டும் என்று வைத்துக்கொள்ளும் குழுக்கள் அதை நீண்ட காலம் தொடர முடிகிறது.

## மூன்றாம் முடிவு: திட்டமிடும் தாளம்

முதல் இரண்டு அடுக்குகள் தெளிவானால், ஸ்க்ரமா கன்பானா என்ற விவாதம் சூடு தணிந்துவிடும். வேலை வரும் விதத்தைப் பார்த்தால் போதும்.

ஸ்க்ரமில் ஒரு மாதமோ அதற்குக் குறைவாகவோ உள்ள ஸ்ப்ரிண்ட் என்ற வேலைச் சுற்று, அதற்கென ஓர் இலக்கு, தினமும் 15 நிமிடச் சந்திப்பு, இறுதியில் மீளாய்வு என்ற அமைப்பு இருக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்குக் குறைவான குழு பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. புதிய தயாரிப்பை உருவாக்கும்போதும், வேலையைத் தரும் தரப்புடன் சீரான இடைவெளியில் பேசி முன்னுரிமையை மாற்ற வேண்டியிருக்கும்போதும் இது பொருத்தம். பலர் செய்யும் பிழை, ஸ்ப்ரிண்ட் முடியும் நாளையே வெளியீட்டு நாளாக்குவது. ஸ்ப்ரிண்ட் மீளாய்வு வெளியீட்டுக்கான வாயிற்கதவாக ஒருபோதும் கருதப்படக்கூடாது என்று கையேடே தெளிவாகச் சொல்கிறது. ஸ்ப்ரிண்ட் திட்டமிடலுக்கான தாளம். வெளியீடு அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் நடக்கலாம்.

கன்பானில் கால எல்லைக்குப் பதில், ஒரே நேரத்தில் கையிலிருக்கும் வேலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு. இதன் பின்னணியில் 1961-இல் ஜான் லிட்டில் நிறுவிய விதியைப் பொருத்திப் பார்க்கலாம்: நிலையாக ஓடும் அமைப்பில், ஒரு வேலை முடிய ஆகும் சராசரிக் காலம் என்பது கையிலிருக்கும் வேலைகளை, ஓர் அலகு காலத்தில் முடியும் வேலைகளால் வகுத்தால் கிடைப்பது. வாரத்துக்கு மூன்று வேலைகளை முடிக்கும் குழு பன்னிரண்டைக் கையில் வைத்திருந்தால், ஒவ்வொன்றும் சராசரியாக நான்கு வாரம் எடுக்கும். ஆறு மட்டும் வைத்திருந்து, முடிக்கும் வேகமும் அதேயாக இருந்தால், இரண்டு வாரம். யாரையும் வேகமாக உழைக்கச் சொல்லாமலே காலம் பாதியாகிறது. கோளாறு அறிக்கைகளும் சிறு கோரிக்கைகளும் எந்த நேரமும் வந்துகொண்டிருக்கும் பராமரிப்புக் குழுவுக்கு ஸ்ப்ரிண்ட் இலக்கு ஒரு கற்பனையாகவே இருக்கும். அங்கே கன்பானே தகும்.

தேவைகளை முழுவதும் எழுதி, விலை பேசி, கையொப்பமிட்டுச் செய்யும் ஒப்பந்த வேலையில் படிநிலைத் திட்டமிடலின் கூறுகள் தவிர்க்க முடியாதவை. அதைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியே படிநிலை ஒப்பந்தம் இருந்தாலும், உள்ளே தினமும் மெர்ஜ் செய்து, வாடிக்கையாளர் பார்க்கக்கூடிய சோதனைத் தளத்துக்கு அடிக்கடி அனுப்புவதை எந்த ஒப்பந்தமும் தடுப்பதில்லை. ராய்ஸ் அஞ்சிய கடைசி நேர அதிர்ச்சியை அது பெருமளவு குறைக்கும்.

## முடிவை மாற்றும் சூழல்கள்

குழுவின் அளவு முக்கியமானது. இருவருக்கிடையிலான தொடர்புப் பாதைகளை எண்ணினால், ஐந்து பேரில் 10, பத்துப் பேரில் 45. மூன்று பேர் கொண்ட குழு தனிப் பாத்திரங்களும் நீண்ட கூட்டங்களும் கொண்ட அமைப்பைச் சுமக்கத் தேவையில்லை. ஒரு பலகையும் ஒரு வரம்பும் போதும். பல குழுக்கள் ஒரே தயாரிப்பில் வேலை செய்தால் திட்டமிடும் முறையைவிட எல்லைகள் முக்கியம்: நிறுவனத்தின் தொடர்பு அமைப்பே அது உருவாக்கும் மென்பொருளின் அமைப்பாகவும் வெளிப்படும் என்று மெல்வின் கான்வே 1968-இல் கூறியது வலைக்கும் பொருந்தும்.

சோதனைகளே இல்லாத பழைய நிரலைப் பெற்றிருக்கும் குழு, நாளையிலிருந்தே டிரங்க் முறைக்கு மாறுவது விபத்தை வரவழைக்கும். முதலில் உயிர்நாடிப் பாதைகளுக்குச் சில பிரவுசர் சோதனைகள், அடுத்து ஒரே கட்டளையில் வெளியிடவும் பின்வாங்கவும் முடியும் வசதி, அதன் பிறகே பிராஞ்சின் ஆயுளைக் குறைப்பது என்ற வரிசை பாதுகாப்பானது. இங்கே மட்டும் இரண்டாம் முடிவு முதலாவதாகிறது.

செயலிக் கடைகளின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மொபைல் பதிப்பும் அதே குழுவின் பொறுப்பில் இருந்தால், அந்தப் பகுதிக்கு வெளியீட்டு பிராஞ்ச் வைப்பது சரியே. அதற்காக வலைப் பகுதியையும் அதே தாளத்தில் கட்டிப்போட வேண்டியதில்லை.

## மாற்றத்தை அளப்பது

முறையை மாற்றிய பின் நிலைமை மேம்பட்டதா என்பதைக் குழுவின் மனநிலையை வைத்து மட்டும் சொல்ல முடியாது. டோரா என்ற ஆய்வுக் குழு பரப்பிய நான்கு அளவுகள் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன.

1. எவ்வளவு அடிக்கடி வெளியிடப்படுகிறது.
2. ஒரு மாற்றம் எழுதப்பட்டதிலிருந்து பயனரைச் சேரும்வரை ஆகும் காலம்.
3. வெளியீடுகளில் எத்தனை விழுக்காடு கோளாறை உண்டாக்குகிறது.
4. கோளாறிலிருந்து மீள ஆகும் காலம்.

முதல் இரண்டும் வேகம், அடுத்த இரண்டும் நிலைத்தன்மை. இவை ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற நம்பிக்கைக்கு மாறாக, நன்றாகச் செயல்படும் குழுக்களில் இரண்டும் சேர்ந்தே உயர்கின்றன என்பதே அந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொன்ன முடிவு. இந்த எண்களை ஆளுக்கு ஆள் ஒப்பிடவோ ஊதிய உயர்வுக்கு அடிப்படையாக்கவோ தொடங்கினால், ஒரே மாற்றத்தைப் பத்தாகப் பிரித்து எண்ணிக்கையைக் கூட்டும் வித்தைகள் வந்துசேரும். குழு தன்னையே பார்த்துக்கொள்ளப் பயன்படும்வரைதான் அவற்றுக்கு மதிப்பு.

அளப்பதற்கு வசதியாக, ஒரு நேரத்தில் ஓர் அடுக்கை மட்டும் மாற்றுவது நல்லது. புதிய பிராஞ்ச் விதியும் புதிய கூட்ட அட்டவணையும் ஒரே வாரத்தில் நடைமுறைக்கு வந்தால், எண்கள் நகர்ந்தது எதனால் என்று பிரித்தறிய முடியாது. பிராஞ்சின் ஆயுளைக் குறைத்த பிறகு கோளாறு விழுக்காடு ஏறினால், ஆயுளைப் பழையபடி நீட்டுவதற்கு முன், கோளாறுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவை எந்தச் சோதனையில் பிடிபட்டிருக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலானவை ஒரே பகுதியில் குவிந்திருந்தால், அந்தப் பகுதிக்குச் சோதனை எழுதுவதே தீர்வு. எல்லாப் பகுதிகளிலும் சிதறியிருந்தால், அடிப்படைச் சோதனைகள் போதாமல் இருக்கையிலேயே வேகம் கூட்டப்பட்டுவிட்டது என்று பொருள். அப்போது வரம்பை ஒரு நாளிலிருந்து மூன்று நாளாகத் தளர்த்தி, சோதனைகள் ஓரளவு சேர்ந்த பின் மறுபடியும் ஒரு நாளுக்குக் கொண்டுவரலாம்.